குற்றாலத்துக்குப் போய் பச்சைப் பிரண்டை தின்ற கதை

சாரலுக்காகக் குற்றாலம் போனதாகத்தான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையில் போன ஆனிக் கடைசியில் நான் போனது என் கடைக்குட்டி கோமதியின் கல்யாணப் பேச்சுக்காக. மாப்பிள்ளையின் தாயார் அங்கே வீடு எடுத்திருந்தார். பெண்ணோடு வந்து மூன்று நாள் தங்கச் சொல்லி ஆள் அனுப்பினார். எனக்கோ ஐம்பத்தெட்டு வயதிலேயே முதுகு வளைந்துவிட்டது. வயதானால் எலும்பு தேயும் என்கிறார் டாக்டர். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று அவர்கள் பின்வாங்கிவிட்டால்?

திருநெல்வேலியில் காலை ரயில் ஏறினால் உச்சிப்பொழுதுக்குள் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் மூன்று மைல். குதிரை வண்டிக்கு ஆறணா கேட்பார்கள், நாலணாவுக்கு வருவார்கள். வழியில் வண்டியை நிறுத்தி ஒரு கட்டுப் பிரண்டை வாங்கினேன்.

"இடுப்பு வலியா ஆச்சி?" என்றார் வண்டிக்காரர்.

"ஆட்டுக்குப்பா" என்றேன். கோமதி வெளியே பார்த்துக்கொண்டாள்.

எண்ணெயில் வதக்கிப் புளி சேர்க்காமல் பிரண்டையை வாயில் வைக்கக் கூடாது என்று தெரியாத பெண்பிள்ளை எங்கள் பக்கம் கிடையாது. ஆனால் அடுப்படி அவர்களுடையது. அங்கே வதக்கினால் யாருக்கு எலும்பு நோவு என்று கேட்பார்களே! மறுநாள் காலை கொல்லைப்புறம் போய்ப் பச்சையாகவே மென்று விழுங்கினேன். கொஞ்ச நேரத்தில் நாக்கும் தொண்டையும் நமைத்து, உதடு தடித்துப் போனது.

அருவிக்குக் கிளம்பும்போது அந்த அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மதினி, மறைக்காமச் சொல்லுங்க. பிள்ளைக்கு முதுகுல ஏதும் கோளாறா? இந்த வயசுலயே கூனிக்கிட்டு நிக்காளே."

என் மகளுக்கா? பதறிப்போனேன். இல்லை என்று சொல்ல நாக்கு புரளவில்லை. நான் மென்று முழுங்க முழுங்க அவர் முகம் வாடியது.

வாசலில் நின்ற கோமதி உள்ளே வந்தாள். "எனக்கு ஒண்ணுமில்ல அத்தை. அம்மா மட்டும் குனிஞ்சு நிக்கது தெரியாண்டாம்னுதான் நானும் குனிஞ்சிக்கிட்டேன். அம்மா பச்சைப் பிரண்டையத் தின்னுட்டா. பேச முடியாம நிக்கா."

சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள். என்னைவிட ஒரு தலை உயரம். நான் முந்தானையால் தடித்த உதட்டை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. புளியைக் கரைத்துக் கொண்டுவந்தார். "கொப்பளிங்க மதினி. உங்க முதுக வந்தன்னைக்கே பாத்தாச்சு. அதுக்குப் போய் வாயப் புண்ணாக்குவாகளா?" என்றார். அன்று சாயங்காலமே கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்தார்கள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதுகு தேய்ந்தவர்கள் பெரிய அருவியின் நடுவில் நிற்க வேண்டாம். ஓரத்துத் தண்ணீரே போதும். பிரண்டையைத் துவையலாக அரைத்துத் தின்னுங்கள். எலும்பு உறுதிப்படுமா என்றால், இதுவரை எனக்கு முதுகு நிமிரவில்லை.

கல்யாண மேடையில் நிமிர்ந்து நில் என்று கோமதியிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றாள். நேற்று என்னோடு கண்ணாடி முன்னால் நின்றபோது, தன்னை அறியாமலே தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.