குரைப்பை நிறுத்திய கடல்

ஊரில் யார் எங்கே போய்வந்தார்கள் என்பது சலவைக்கடைக்காரம்மாவுக்குத்தான் முதலில் தெரியும். துணி சொல்லிவிடும். கோட்டுப் பையில் விமானச் சீட்டின் கிழிந்த பாதி இருக்கும். கால்சட்டை மடிப்பில் கடற்கரை மணல் இருக்கும். குழந்தையின் கவுன் பையில் ஒரு சிப்பி. எல்லாவற்றையும் உறையில் போட்டு உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவாள். சிப்பியை மட்டும் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை மோந்து பார்ப்பாள்.

கடையில் அவளும் கணவரும் மட்டும்தான். இயந்திரமும் கல்லாவும் அவள் பொறுப்பு. இஸ்திரி மேசை அவருடையது. பிள்ளைகள் இல்லை. நாய்கள் இரண்டு வந்து சேர்ந்தது ஒரு போர்வை மூட்டைக்குள். யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டையைப் பிரித்தபோது உள்ளங்கை அளவில் இரண்டு குட்டிகள் தூங்கிக்கொண்டிருந்தன. மூட்டையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. கறுப்புக்கு மிளகு, வெள்ளைக்குப் பஞ்சு என்று பேராயிற்று. வளர்ந்த பிறகும் இரண்டும் முழங்காலைத் தாண்டவில்லை. குரல் மட்டும் தெருக்கோடிவரை போனது. இஸ்திரிப்பெட்டி ஆவி விட்டால் குரைக்கும், கதவு மணி அடித்தால் குரைக்கும், எதுவுமே நடக்காவிட்டால் அதற்காகவும் குரைக்கும்.

ஒரு வருடம் கட்டடத்துக் குழாய்கள் மொத்தமும் இற்றுப்போய், மாற்றி முடிக்கும்வரை கடையைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் கணவர், "எங்கயாவது போய்ட்டு வரலாமா?" என்றார்.

"உங்க அண்ணன் வீட்டுக்கா?"

"இல்ல. கடல் தாண்டி."

அவள் கையிலிருந்த ஹேங்கரைக் கீழே வைத்தாள். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை.

நாய்களைப் பார்த்துக்கொள்ளத் தங்கையைக் கேட்டாள். தங்கை ஒரே ஒரு மத்தியானம் அவற்றை வைத்திருந்து பட்டவள். "அக்கா, வேணும்னா உன்ன ஒரு வருஷம் வச்சுக்கிறேன். இதுங்கள ஒரு ராத்திரிகூட முடியாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். அப்படியானால் அவையும் வரட்டும் என்று முடிவாயிற்று.

கால்நடை மருத்துவர் ஊசி போட்டு, கழுத்துத் தோலுக்கடியில் அடையாள சிப் வைத்து, சான்றிதழ் கொடுத்தார். எடை குறைவான நாயைப் பையில் வைத்து இருக்கைக்கடியில் கொண்டுபோகலாம் என்றது விமான நிறுவனம். மிளகு தேறியது. பஞ்சு தேறவில்லை. அழுக்குத் துணி நிறுக்கிற தராசில் தினமும் அதை நிறுத்தாள். தட்டில் சோறு பாதியானது, எடை மட்டும் இறங்கவேயில்லை. கடைசியில் கணவரின் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் பிஸ்கட் தூள்.

"ஊர்ல இருக்கிற எல்லாப் பையையும் துழாவுறவகிட்டயே மறைக்கிறீங்களா?"

"அது பாக்குற பார்வைய நீ பாக்கல" என்றார் அவர், தலையைக் குனிந்தபடி.

விமான நிலையத் தராசு பஞ்சின் பையை ஒரு இழை கூடுதலாகக் காட்டியது. கணவர் பைக்குள்ளிருந்த கம்பளி விரிப்பை உருவி மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். முள் இறங்கியது. கவுன்டரில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டை ஒட்டினாள்.

போய்ச் சேர்ந்தது குளிரான, சின்னத் துறைமுக ஊர். செங்குத்தான மரப்படிகளுக்கு மேலே ஒரு அறை. வீட்டுக்காரம்மா பேசிய பாஷையில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் அவள் கீழேயிருந்து கூப்பிட்டதும் நாய்கள் இரண்டும் படியில் உருண்டு ஓடின. "நம்ம பேச்ச என்னிக்காவது கேட்டிருக்குதுங்களா?" என்று இவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

மறுநாள் காலை அந்த அம்மா அவர்களைத் தன் தம்பியின் சுற்றுலாப் படகில் ஏற்றிவிட்டாள். தாடி வைத்த ஆள். நாய்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய், குழந்தைகள் போடுகிற மிதவைச் சட்டையில் சின்னதாக இரண்டு தேடிக்கொண்டு வந்து மாட்டிவிட்டான். படகு கிளம்பியதிலிருந்து கச்சேரிதான். கடற்பறவையைப் பார்த்துக் குரைப்பு, எஞ்சினைப் பார்த்துக் குரைப்பு, அவன் தொப்பியைப் பார்த்துக் குரைப்பு. மற்ற பயணிகளைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கரை கண்ணுக்கு மறைந்ததும் அவன் எஞ்சினை அணைத்தான்.

மிளகின் குரைப்பு பாதியில் நின்றது. காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு தாடையைப் பலகையில் பதித்துப் படுத்துவிட்டது. பஞ்சும் அதனருகே அப்படியே படுத்தது. அவற்றை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

"உடம்புக்கு ஏதாவது ஆயிருச்சா?" என்று கணவர் குனிந்தார்.

அவளுடைய உள்ளங்காலிலும் ஏதோ ஏறிக்கொண்டிருந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. பலகைக்குக் கீழே, வெகு ஆழத்தில், யாரோ தொண்டையைத் திறந்தது போல இருந்தது. படகுக்குப் பக்கத்தில் அலையெல்லாம் அடங்கி, தண்ணீர் ஒரு பெரிய வட்டமாக வழவழப்பானது. பிறகு அது பிளந்தது.

முதலில் வந்தது மூச்சு. வெள்ளைத் தூணாக எழுந்து, மீன் வாடையடிக்கும் ஈரமாக அவள் முகத்தில் விழுந்தது. அதன் பின்னால் கறுத்த முதுகு ஏறி வந்தது. முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தபோதும் அது முடியவில்லை. மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், ஒரு தெரு நகர்வது போலக் கடந்துகொண்டே இருந்தது. ஓரிடத்தில் சற்றே புரண்டது. சுருக்கம் சூழ்ந்த ஒரு கண் தெரிந்தது. அது படகைப் பார்த்தது. அவளைப் பார்த்தது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கடைசியில் வால் எழுந்து, தண்ணீரைச் சொட்டவிட்டபடி கொஞ்ச நேரம் நின்று, ஒரு சத்தமும் இல்லாமல் உள்ளே போயிற்று.

கணவரின் சட்டைக் கையை அவள் கசக்கிப் பிடித்திருந்தாள். ஒன்றுதான் அவள் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது. நான் காலர் அழுக்கைத் தேய்த்துக்கொண்டிருந்த காலையெல்லாம் இது இங்கே இப்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் விட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மிளகு ஊர்ந்து வந்து அவள் மடியில் ஏறியது. அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. தன்னுடையதும் அப்படியே அடிப்பதைப் பிறகுதான் கவனித்தாள். படகுக்காரன் ஃபிளாஸ்க் மூடியில் சூடான தேநீர் ஊற்றி நீட்டினான். அதை வாங்கி, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமலே குடித்தாள்.

கரைக்குத் திரும்பும் வழியில் கணவர் கேட்டார். "நாளைக்கு மியூசியம் போறதா சொல்லிட்டிருந்தோமே?"

"மியூசியம் எங்கயும் ஓடிறாதுங்க. நாளைக்கும் இங்கயே வருவோம்."

மறுநாள் திமிங்கலம் எதுவும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. எஞ்சின் அணைந்த படகில், சாம்பல் நிறத் தண்ணீரைப் பார்த்தபடி இருவரும் தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். கம்பளி விரிப்பின் மேல் நாய்கள் தூங்கின. அலுப்பாக இருக்கிறதா என்று கணவர் கேட்டார். இல்லை என்று தலையசைத்தாள். கீழே அது இருக்கிறது என்று தெரிந்த பிறகு வெறும் தண்ணீரைப் பார்ப்பதற்கே அவளுக்குக் கண் போதவில்லை.