ஆடியில் இறங்கிய கல்

எனக்குக் கல்யாணமான வருஷம், ஆடி மாதம் முழுக்க நான் ஓர் இடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகம் இல்லை. உட்கார்ந்தால் வலது விரையில் சுண்டி இழுக்கும். எழுந்தால் சிறுநீர் முட்டும். வேலிப்பக்கம் ஓடினால் நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. திரும்பி வருவதற்குள் மறுபடி முட்டும். திருமயத்துக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. காற்று புழுதியை வாரி இறைக்கிற பொட்டல். ஒதுங்குவதற்கு மறைவு கிடையாது. நான் ஓடுவதை ஊரே பார்த்தது.

என் பெண்டாட்டி அப்போது அரிமளத்துப் பக்கம் பிறந்த வீட்டில் இருந்தாள். தலையாடிக்கு அழைத்துப் போயிருந்தார்கள். ஆடியில் புதுப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். அதனால் ஊரில் முதலில் கேலிதான் செய்தார்கள். பிரிவுச் சூடு, வேறொன்றுமில்லை என்றார்கள். என்னைப் பெற்ற ஆத்தாவும் சூடு என்றுதான் நினைத்து, கால் பெருவிரலில் சுண்ணாம்பைத் தடவித் தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தாள். நீர்க்கடுப்பு என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். மற்ற வலியைப் பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

உள்ளூர் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாடிகூடப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

"ரங்கூன்ல இருக்கயில அங்கிட்டு இங்கிட்டுப் போனதுண்டா தம்பி?"

கல்யாணத்துக்கு முன்பு சில வருஷம் ரங்கூனில் ஒரு செட்டியார் கடையில் வேலை பார்த்திருந்தேன். பெண் கொடுக்கும்போது அதைத்தான் பெருமையாகச் சொன்னார்கள். ரங்கூன் மாப்பிள்ளை என்று தெருவெல்லாம் பேச்சு. இப்போது அதே ரங்கூன் என் கழுத்தைப் பிடித்தது. இல்லை என்றேன். சத்தியமாக இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, கெட்ட சகவாசத்தில் வருகிற வெட்டை நோய்க்கான லேகியத்தைக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை வழியிலேயே கள்ளிப் புதரில் எறிந்தேன். ஆனால் பேச்சை எங்கே எறிவது? கப்பலேறிப் போனவன் கப்பல் சீக்கோடு வந்திருக்கிறான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அடுத்த வாரம் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன், வாழைப்பழச் சீப்போடு வந்தார். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாராம். நான் எழுந்து எழுந்து கொல்லைக்குப் போனபோதெல்லாம் கூரையில் எதையோ தேடுகிற மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது ஆத்தாவிடம் சொன்னார்.

"ஆவணியில தங்கச்சியக் கொண்டாந்து விடுறதப் பத்தி வீட்டுல பேசிட்டுச் சொல்றோம் அத்தை."

அனுப்ப மாட்டோம் என்பதை மரியாதையாகச் சொன்னால் அப்படித்தான் இருக்கும். வைகாசியில் கட்டியவள். அவளோடு இருந்தது ஒன்றரை மாதம்தான். அதற்குள் அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதை அவளிடம் சொல்லக்கூட இல்லை.

மறுநாள் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன். குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லைக் கடித்தேன். நடுவழியில் இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். மூன்றாவது தடவை கேட்டதற்கு, மாட்டு வண்டியில் வந்திருக்கலாமே என்று கண்டக்டர் ஏசினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் படுக்கவைத்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். இடுப்புக்கு மேலே முதுகில் லேசாகத் தட்டியபோது நான் துள்ளிவிட்டேன். சிறுநீரையும் சோதித்தார். விரையில் ஒரு குற்றமும் இல்லை, சிறுநீர்க் குழாயில் கல் இறங்குகிறது, வலி மட்டும் கீழே தெரிகிறது என்றார். கெட்ட நோயா என்று கேட்டேன். அதற்கான அடையாளமே இல்லை என்று சொல்லிவிட்டார். நிறையத் தண்ணீர் குடி, துணியில் வடிகட்டிப் போ, கல் விழுகிறதா பார்; காய்ச்சல் கண்டாலோ நீர் கட்டிக்கொண்டாலோ உடனே ஓடி வா என்றார்.

சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வலியே தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. டாக்டர் சொன்னார் என்று நானே போய்ச் சொன்னால் எவன் நம்புவான்? கல் வந்தால்தான் உண்டு. அன்று முதல் கிணற்றுத் தண்ணீரும் வாழைத்தண்டுச் சாறும் நீர்முள்ளிக் கஷாயமுமாகக் குடித்துத் தள்ளினேன். மல் துணியும் தகர டப்பாவும் கையுமாக அலைந்தேன். ஒவ்வொரு தடவையும் துணியை விரித்து வெயிலில் பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. என் உடம்பில் இருந்துகொண்டே அந்தக் கல் என்னை வஞ்சிக்கிறது என்று அதன்மேலேயே கோபம் வந்தது.

ஆடி பாதிகூடக் கழியவில்லை. ஒரு மத்தியானம் இடுப்பில் துணி மூட்டையோடு என் பெண்டாட்டி வந்து வாசலில் நின்றாள். தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள்.

ஆத்தா பதறிப்போனாள். ஆடியில் வரலாமா, உன் வீட்டில் எப்படி விட்டார்கள் என்று கேட்டாள்.

"வீட்டுல சொல்லிக்கிட்டு வரல அத்தை. ராத்திரி ஒங்க பக்கத்துல படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

என்னிடம் அவள் ஒன்றுமே கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை நான் ஆரம்பித்தால், முதலில் இதைக் குடியுங்கள் என்று கஷாயத்தை நீட்டினாள். வலி உச்சத்துக்குப் போய் நான் தரையில் புரண்டபோது உப்பை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்பில் ஒத்தடம் கொடுத்தாள். அப்போதும் கேட்கவில்லை. ஊர் சொன்னதை இவளும் நம்பிவிட்டாள், ஊரார் வாய்க்குப் பயந்து கடமையைச் செய்கிறாள் என்றே எனக்குப் பட்டது. வலியைவிட அதுதான் என்னை அரித்தது.

ஒரு நாள் காலையில் நீர் பாதியில் அடைத்துக்கொண்டது. கண் இருட்டியது. பிறகு எரித்துக்கொண்டு பீறிட்டது, துணியில் ஏதோ விழுந்தது. கேழ்வரகைவிடக் கொஞ்சம் பெரிது, பழுப்பு நிறம், சுற்றிலும் முள். கொஞ்ச நேரத்தில் விரையின் வலி போன இடம் தெரியவில்லை. இதை எடுத்துக்கொண்டு அரிமளம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், மாமியார் வீட்டில் நடுக்கூடத்தில் வைக்க வேண்டும், அப்புறம் அந்த வைத்தியர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று மனசு பறந்தது.

கல்லைக் கழுவி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இதுதான், நன்றாகப் பார், இப்போதாவது நம்புகிறாயா என்று கத்தினேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். கல்லைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"கல்லுன்னு தெரிஞ்சா நான் வந்தேன்?"

கல்லைக் காட்ட நான் அரிமளத்துக்குப் போகவில்லை.