பாசலில் கரையிறங்காத பகல்

ஒரு பகல் மட்டும் கரையிறங்கும் கப்பல் பயணிக்கு விசா தேவையில்லை. கப்பல் அட்டை போதும். கொழும்புத் துறைமுகக் குடிவரவு மேசையில் நான் முப்பது வருடம் கடைப்பிடித்த விதி இது. சுவிஸ் எல்லை நகரான பாசலில் எங்கள் ரைன் நதிக் கப்பலுக்கு வந்த அதிகாரியோ, என் இலங்கைக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்கிறார். மற்றவர்கள் மிருகக்காட்சிச்சாலையா, தேவாலயமா என்று வாதாடியபடி இறங்குகிறார்கள்.

எட்டு வருடமாக நான் காணாத தங்கை, தான் வசிக்கும் டீட்டிகோனிலிருந்து ரயிலில் வந்து கீழே நிற்கிறாள். வெளியாட்கள் கப்பலில் ஏறவும் கூடாதாம்.

"என்ன அண்ணை, உங்கட சட்டம் உங்களையே மறிச்சிட்டுதோ?"

"என்ர சட்டம் விட்டிருக்கும். இது இவையின்ர. வெயிலுக்க நில்லாதை, நீ போ."

"லீவு எடுத்திட்டெல்லோ வந்தனான். கதிரையை இஞ்சால இழுங்கோ, கதைப்பம்."

இழுக்கிறேன். அவள் குடையை விரித்துத் துறைச் சுவரில் அமர்கிறாள். நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர். அவள் எறிந்த கொழுக்கட்டை சுங்க அறிவிப்பின்றி எல்லை கடக்கிறது. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். எல்லாவற்றையும் உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் கப்பல் நகர, சுவர் முடியும்வரை கூடவே நடக்கிறாள்.

அது தொண்ணூற்றாறு ஜூலை. நான் இறங்கலாம் என்ற பதில், நான் முகவரியாகக் கொடுத்திருந்த, ஜெர்மனியிலுள்ள மகன் வீட்டுக்கு நவம்பர் நான்காம் திகதி வந்தது.