லான்ஸ் வைல்டுக்குக் கல்யாணம் ஆகவில்லை

ஒரு பாடகன் எப்படிப் பெயர் வாங்கினான் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதினால் குரல், உழைப்பு, அதிர்ஷ்டம் என்று அளந்து விடுவார்கள். இங்கிலாந்தின் ஓல்டம் நகரத்து ரீஜன்ட் அரங்கில் நாற்காலி துடைத்த ஐவி ஷாக்கிள்டனைக் கேட்டிருந்தால் வேறு கதை சொல்லியிருப்பாள். அந்தப் புகழின் வாடை அவளுக்குத் தெரியும். அது மூத்திர வாடை.

மிகைப்படுத்தவில்லை. 1963-இல் வாரத்துக்கு ஒரு பாட்டுக் கோஷ்டி ஊருக்கு வந்துகொண்டிருந்தது. மாலை ஆறேகாலுக்கு ஒரு காட்சி, எட்டரைக்கு இன்னொன்று. முதல் காட்சிக்கு வந்த பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தி, அழுது, மயங்கி, உட்கார்ந்த நாற்காலியையும் நனைத்துவிட்டுப் போவார்கள். அடுத்த கூட்டம் வருவதற்குள் முன்வரிசைகளைத் துடைத்து, மருந்து தெளித்து முடிக்க வேண்டும். பாடியவனுக்கு மாலை மரியாதை, துடைத்தவளுக்கு முதுகுவலி.

ஐவிக்கு அப்போது முப்பத்து நாலு வயது. அப்பா அம்மா போன பிறகு தங்கை மேவிஸை வளர்த்து ஆளாக்கியவள். வில்ஃப்ரெட் என்ற பஸ் கண்டக்டர் நாலு வருஷமாக ஞாயிறுதோறும் தேநீருக்கு வந்துகொண்டிருந்தான். வசந்தத்தில் கல்யாணம் என்று பேச்சு.

அக்டோபர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை லான்ஸ் வைல்ட் பாட வந்தான். வானத்திலிருந்து குதித்தவன் இல்லை. இரண்டு தெரு தள்ளி, கசாப்புக் கடையில் தொத்திறைச்சி திணித்துக்கொண்டிருந்த நார்மன் ஸ்கோல்ஸ்தான். லண்டனிலிருந்து வந்த டெல்மான்ட் என்ற மேலாளர் அவன் பெயரை மாற்றினார், பல்லைச் சீர்செய்தார், வயதில் இரண்டைக் குறைத்தார். கடைசியாக அவன் பெண்டாட்டியையும் அழித்தார். கல்யாணமானவன் என்று தெரிந்தால் எந்தப் பெண் இசைத்தட்டு வாங்குவாள்?

அந்தப் பெண்டாட்டிதான் மேவிஸ். பதிவு அலுவலகத்தில் ரகசியக் கல்யாணம். மோதிரம் விரலில் இல்லை, சட்டைக்குள் சங்கிலியில் தொங்கியது. கடற்கரை ஊரில் ஓர் அத்தை வீட்டுக்குப் போய்க் குழந்தை பெற்று வந்தாள். ஜில் என்ற அந்த ஏழு மாதக் குழந்தையை, ஒன்றுவிட்ட சொந்தக்காரியின் பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு பாட்டு பிரபலமாகட்டும், சொல்லிவிடலாம் என்றான் நார்மன். மூன்று பாட்டுகள் பிரபலமாகிவிட்டன.

"இன்னிக்கு நம்ம ஊர்ல வச்சே சொல்லிடறேன்னு சத்தியம் பண்ணியிருக்காருக்கா" என்று காலையில் மேவிஸ் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். ஐவிக்கும் ஒரு நப்பாசை.

முதல் காட்சி முடிந்தது. வாளியில் தண்ணீர் மாற்ற மேடைக்குப் பின்னால் போன ஐவி, ஒப்பனை அறைக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தாள். உள்ளே நார்மன், சென்ட் மணக்க டெல்மான்ட், பெண்கள் வாரப் பத்திரிகையிலிருந்து வந்த நிருபர் பிரிசில்லா. எதிரே குழந்தையோடு மேவிஸ். நார்மன் தன் படம் ஒன்றைக் கையில் எடுத்தான்.

"பேரு என்னம்மா?"

"மேவிஸ்" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே.

'மேவிஸுக்கு, அன்புடன் லான்ஸ்' என்று எழுதிக் கொடுத்தான். ஐவிக்கு இத்தனை நாள் துடைத்ததெல்லாம் இதற்கு முன்னால் சுத்தம் என்று தோன்றியது.

"அடச்சீ! பேரு தெரியாதாடா உனக்கு? மோதிரம் போட்டப்போ தெரிஞ்சுதே!" வாளியை நங்கென்று வைத்து, நிருபர் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கோம்மா. இவ இவன் பொண்டாட்டி. அது இவன் பெத்த பிள்ளை."

பிரிசில்லா பதறவில்லை. "போன வாரம் லீட்ஸ்ல ரெண்டு பேரு இதையே சொன்னாங்க" என்று சிரித்தாள். ஆனால் பேனாவை மூடவில்லை. அவள் கண் குழந்தையின் காதுக்கும் நார்மன் காதுக்குமாகப் போய் வந்தது. "நீங்க சொல்லுங்க லான்ஸ், நிஜமா?"

நார்மன் டெல்மான்ட்டைப் பார்த்தான். டெல்மான்ட் மேவிஸைப் பார்த்தார்.

"எங்க அக்காதான்" என்றாள் மேவிஸ். "சும்மா வேடிக்கைக்குச் சொல்றாங்க. எனக்குக் கல்யாணமே ஆகல."

"அப்போ குழந்தை யாரோடது?"

மேவிஸ் வெளிறிப்போய் அக்காவைப் பார்த்தாள். பத்து வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு இதே மாதிரிதான் பார்ப்பாள். கல்யாணம் ஆகாதவள் என்று சொல்லியாகிவிட்டது. இனி குழந்தையும் அவளுடையது என்று அச்சேறினால் தங்கையின் மானம் அம்போ.

"என்னோடது" என்றாள் ஐவி. "அப்பன் பேரு சொல்ல வழியில்ல. அதான் பெரிய மனுஷன் மேல பழியைப் போட்டேன்."

பேனா மூடப்பட்டது. பிரிசில்லாவின் முகத்தில் இரக்கம் வழிந்தது. டெல்மான்ட் ஐவியிடம் ஒரு சாக்லேட் பெட்டியை நீட்டினார். நார்மன், கல்லுளிமங்கன், கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தான். அடுத்த வாரம் அவன் குழந்தையை முத்தமிடும் படம் பத்திரிகையில் வந்தது: 'துப்புரவுப் பணிப்பெண்ணின் குழந்தைக்கும் லான்ஸின் அன்பு.' நான்காவது பாட்டு எகிறியது.

வில்ஃப்ரெட்டிடம் ஐவி உண்மையைச் சொன்னாள். அவன் நம்பினான். "ஆனா டிப்போல எல்லாரும் நக்கல் பண்றாங்க ஐவி" என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது நின்றது. தூ, இவனும் ஓர் ஆண்பிள்ளை.

மேவிஸை டெல்மான்ட் லண்டனுக்கு அழைத்துக்கொண்டார். ரசிகைகளின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலை. 'லான்ஸ் தன் மனதுக்கேற்ற பெண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்' என்று ஒரு நாளைக்கு நூறு முறை தன் கைப்பட எழுதினாள். குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள வழியில்லையாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு பொம்மை வந்தது, ஆள் வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் காலையில், கஞ்சி ஊட்டும்போது, ஜில் ஐவியின் முகத்தைப் பார்த்து "அம்மா" என்றது. முதல் வார்த்தை. ஐவிக்கு அன்று ஒப்பனை அறையில் எல்லோர் மேலும் வந்த அருவருப்பு இப்போது தன் மேலேயே வந்தது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"என்னடி கண்ணு" என்றாள்.