மாடியில் மாற்றிய தாள்

வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்கு எதிரே இருக்கும் எங்கள் மொட்டைமாடியில் காற்றிலுள்ள தூசியை அளக்கும் பெட்டி வைத்திருக்கிறார்கள். அதில் தாள் மாற்ற ஒல்லியாக ஒரு மனிதர் வருவார். வெள்ளைத் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஓட்டை இல்லையென்று பார்த்த பிறகுதான் உள்ளே வைப்பார். எடுக்கும்போது அது கருத்திருக்கும். என் வீட்டு அழுக்கு என்று நினைத்து எனக்கு மானம் போனது. ஒரு தடவை, அவர் வருமுன் மாடியைக் கழுவிவிட்டேன்.

ஈரத்தைப் பார்த்துச் சிரித்தார். "ஆச்சி, காத்தையுமா கழுவுவீய? இது ரோட்டுப் புகை. நான் வந்த புதுசுல தாள் சாம்பலா இருக்கும். வருசத்துக்கு வருசம் கருத்துக்கிட்டே போவுது."

"சன்னலச் சாத்திட்டா?"

"சாத்தினாலும் வரும்."

"அப்ப எங்கன போய் மூச்சு விட, எய்யா? நான் கட்டுன வீடுல்லா இது?"

அவர் கருத்த தாளை உறையில் போட்டுக்கொண்டு இறங்கினார். படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். இறங்குகிறவருக்கு எதற்கு அப்படி இளைத்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.