படகு ஆட்டம் என்று சொன்னேன்

சென்ற ஆண்டு செப்டெம்பரில், கிரேக்கத் தீவு ஒன்றுக்கு விடுமுறையில் போயிருந்தபோது நடந்தது இது. எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. லண்டனில் கவுன்சில் ஒன்றில் பொறியியலாளராக வேலை செய்து ஓய்வு பெற்று, ஹரோவில் மனைவியுடன் இருக்கிறேன். அந்தப் பயணம் எங்கள் திருமண நாளுக்கு மகள் தந்த பரிசு. "அப்பா, அம்மாவை நீங்கள் எங்கையாவது கூட்டிக்கொண்டு போனதெண்டால் அது கலியாணவீடு, இல்லாட்டிச் செத்தவீடு. ஒருக்கால் ஹொலிடே எண்டு போய்ப் பாருங்கோ" என்று சொல்லி, விமானம், ஹோட்டல், கடைசி நாளுக்கு ஒரு பாய்ப்படகுப் பயணம் எல்லாவற்றையும் அவளே பதிவு செய்துவிட்டாள். படகில் எட்டே பேர். பிற்பகல் புறப்பட்டு இரண்டு மூன்று சிறு தீவுகளைச் சுற்றி, ஒரு குடாவில் நங்கூரம் போட்டுச் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

நடந்ததைச் சொல்லுமுன் எங்கள் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லவேண்டும். என் மனைவிக்கு நீரிழிவு. பல வருடங்களாக இன்சுலின் போடுகிறாள். மகளுக்கும் வைத்தியருக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது. அப்படி வைத்திருந்தவன் நான். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், தாய்க்குச் சீனி வருத்தம் என்று தெரிந்தால் நாளைக்கு மகளுக்கும் வரும் என்று பேச்சை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். அந்தப் பயம் எங்கள் ஆட்களிடம் புதிதல்ல. நோயை மூடி வைப்பதை மானத்தோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் நாங்கள். மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். ஆனால் மூடினது மூடினபடியே இருந்தது. கல்யாண மண்டபங்களில் மனைவி கழிவறைக்குள் போய் ஊசி போட்டுக்கொண்டு வருவாள். எங்கள் கல்யாணங்களில் சாப்பாடு சொன்ன நேரத்துக்கு வராது என்பதால் கைப்பையில் எப்போதும் பயற்றம் பணியாரம் வைத்திருப்பாள். பயறும் சர்க்கரையும் சேர்ந்த அந்த இனிப்பு கெட்டுப்போகாது, ஒன்றைக் கடித்தாலே தாங்கும்.

கிரேக்கத்துக்கும் ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டி நிறையச் சுட்டுக்கொண்டு வந்தாள். தீவுக்குப் போன கப்பலிலேயே பெட்டியைத் திறந்து, பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் நீட்டினாள். ஓர் இளம் பெண் மரியாதைக்கு ஒன்றை வாங்கி, ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைக் கடதாசியில் சுற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். மனைவி அதைக் காணவில்லை. நான் கண்டேன். எனக்கு முகம் சுட்டது. படகுப் பயணத்தன்று, அவள் தலை சீவிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெட்டியை அவளுடைய பையிலிருந்து எடுத்து ஹோட்டல் அலுமாரிக்குள் என் சட்டைகளுக்குக் கீழே வைத்துவிட்டேன். படகில் எட்டுப் பேருக்கு முன்னால் மறுபடியும் அதை நீட்டிவிடுவாளோ என்றுதான். அங்கே சாப்பாடு தருவார்கள்தானே, குளுக்கோஸ் மாத்திரை கைப்பையில் இருக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படகின் கப்டன் ஐம்பது வயது மதிக்கத்தக்க கிரேக்கர். அவருடைய தங்கைதான் சமையல். எங்களைத் தவிர யோர்க்‌ஷயரிலிருந்து வந்த, எங்கள் வயதுள்ள ஒரு தம்பதி, தேனிலவுக்கு வந்த ஓர் இளம் சோடி, ஜேர்மன் சிநேகிதிகள் இருவர். ஏறியவுடன் கப்டன் எல்லோரையும் வட்டமாக இருத்தி, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டுக் கேட்டார்: இதயம், சீனி, வலிப்பு, எதுவென்றாலும் சொல்லுங்கள், யாரையும் இறக்கிவிடமாட்டேன், தெரிந்திருந்தால் நல்லது. மனைவி என்னைப் பார்த்தாள். அவளுடைய கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியது. நான் அதன்மேல் என் கையை வைத்து அமர்த்தினேன். மற்றவர்கள் பார்த்திருந்தால் அன்பாகக் கையைப் பிடிக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பயணம் நன்றாகத்தான் இருந்தது. பாய் விரிந்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். தண்ணீர் படகில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. மனைவி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யோர்க்‌ஷயர் அம்மாவும் அவளும் பேரப்பிள்ளைகளின் படங்களைக் கைபேசியில் காட்டிக்கொண்டு சிரித்தார்கள். இவளுக்கு ஆங்கிலம் இவ்வளவு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

மாலையில் ஒரு குடாவில் நங்கூரம் போட்டார்கள். சமையல்காரப் பெண் மேசையில் தட்டுகளை அடுக்கத் தொடங்கியதும் மனைவி கீழே இறங்கிப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த நேரம் பார்த்துக் காற்றுத் திரும்பியது. படகு அங்குமிங்கும் இழுபட்டது. இங்கே நிற்கமுடியாது, மறுபக்கத்துக் குடாவுக்குப் போவோம், அங்கே சாப்பிடலாம் என்றார் கப்டன். தட்டுகள் உள்ளே போயின. நங்கூரம் மேலே வந்தது.

எனக்கு அப்போதே தெரியும். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

அவள் பையைத் துழாவினாள். "இஞ்சருங்கோ, பணியாரப் பெட்டியைக் காணேல்லை."

"நீர் வைச்சிருக்கமாட்டீர். சாப்பாடு இப்ப வந்திடும், பொறும்" என்றேன்.

"வைச்சனான்" என்றாள். பிறகு அவளே சந்தேகப்பட்டு, "மறந்துபோனன் போல" என்றாள்.

சாப்பாடு வரவில்லை. மறுபக்கம் போக நினைத்ததைவிட நேரம் எடுத்தது. அவளுடைய மேலுதட்டில் வேர்வை துளிர்த்தது. விரல்கள் நடுங்கின. "எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு" என்றாள். "மெல்லக் கதையும், எல்லாரும் பார்க்கினம்" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

பார்க்கத்தான் செய்தார்கள். யோர்க்‌ஷயர் அம்மா எழுந்து வந்து, உங்கள் மனைவிக்கு என்ன என்று கேட்டார். "படகு ஆட்டம் ஒத்துக்கொள்ளவில்லை, வேறொன்றுமில்லை" என்றேன்.

உடனே எல்லோரும் உதவிக்கு வந்துவிட்டார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் தாங்கமுடியாமல் இருக்கிறது. ஜேர்மன் பெண்களில் ஒருத்தி துவாயை நனைத்துக் கழுத்தில் வைத்தாள். புதுமாப்பிள்ளை எழுந்து தன் இடத்தைக் கொடுத்து, தூரத்தில் தெரியும் கரையையே பார்க்கச் சொன்னான். சமையல்காரப் பெண், வயிறு அடங்கும்வரை ஒன்றும் கொடுக்கவேண்டாம் என்றாள். எல்லாம் சரியான வைத்தியம். நான் சொன்ன நோய்க்குச் சரியான வைத்தியம்.

கைப்பையில் குளுக்கோஸ் மாத்திரை தேடினேன். இல்லை. குனிந்து அவளிடம் கேட்டேன். "பெட்டிக்குள்ளை" என்றாள். சொல் குழறியது. எல்லாம் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று மாத்திரைகளையும் பணியாரத்தோடு வைத்திருக்கிறாள். என் சட்டைகளுக்குக் கீழே இருந்தது பலகாரம் மட்டுமல்ல.

ஒரு கிளாஸ் பழச்சாறு கேட்டிருந்தால் போதும். எனக்கு அது தெரியும். ஆனால் வயிற்றைப் புரட்டுகிறது என்று சொல்லிவிட்டு எப்படிப் பழச்சாறு கேட்பது? கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் கப்டன் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்பார்கள். இதையெல்லாம் நான் நின்று யோசித்தேன். படித்தவன், கணக்குப் பார்த்துப் பாலம் கட்டினவன், மனைவி நினைவு தப்பிக்கொண்டிருக்கும்போது எப்படி மரியாதை கெடாமல் பழச்சாறு வாங்கலாம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கீழே போய் யாரும் பார்க்காமல் எதையாவது எடுத்துவரலாம் என்று படியில் காலை வைத்தேன். திரும்பிப் பார்த்தபோது, மேசையில் யாரோ வைத்திருந்த தோடம்பழச் சாற்றை மனைவி எட்டி எடுத்து வாய்க்குக் கொண்டுபோவது தெரிந்தது. யோர்க்‌ஷயர் அம்மா அதை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி, "வேண்டாம் கண்ணே, குடித்தால் இன்னும் புரட்டும்" என்று அப்பால் வைத்துவிட்டார்.

கிளாஸ் போன பிறகும் மனைவியின் விரல்கள் அதைப் பிடித்தபடியே வளைந்து நின்றன. கேட்கவும் தெரியவில்லை, விடவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் கத்தினேன். அவளுக்கு நீரிழிவு, இன்சுலின் போட்டிருக்கிறாள், அந்தச் சாற்றைக் கொடுங்கள் என்று. ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழில் முடித்தேன் என்று நினைக்கிறேன். யோர்க்‌ஷயர் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அவரே ஓடிவந்து அவள் தலையைத் தாங்கிப் பிடித்துச் சிறிது சிறிதாகப் பருக்கினார். பாதி கழுத்து வழியே ஓடியது. சமையல்காரப் பெண் தேன் போத்தலோடு வந்து விரலில் தொட்டு உதட்டின் உட்புறம் தடவினாள். கப்டன் வானொலியில் கரையோடு பேசிக்கொண்டே எங்களைப் பார்த்தபடி நின்றார். விழுங்குகிறாளா என்று ஒரு தடவை கேட்டார். விழுங்கினாள். இன்னும் கொஞ்சம் விழுங்கினாள். கனநேரத்துக்குப் பிறகு கண்ணைத் திறந்து, கழுத்தில் பிசுபிசுத்த சாற்றைத் தொட்டுப் பார்த்து, "சீலை பழுதாப் போச்சே" என்றாள். அன்று அவள் சீலை உடுத்தியிருக்கவில்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் படகின் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சூரியன் எப்போது மறைந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதற்கென்றே தூரதேசங்களிலிருந்து வந்த ஆறு பேரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் மனைவியைப் பார்த்தபடி நின்றார்கள்.

அவள் பாணும் சோறும் சாப்பிட்டுத் தெளிந்த பிறகு, கப்டன் என்னருகில் வந்தார். திட்டப்போகிறார் என்று எதிர்பார்த்தேன். "நான் கேட்டேனே, ஐயா" என்றார். அவ்வளவுதான். யோர்க்‌ஷயர்க்காரர் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் தோலுக்கடியில் இதயக் கருவி புடைத்திருப்பதைக் காட்டினார். ஏறும்போதே கப்டனிடம் சொல்லியிருந்தாராம். தேனிலவுப் பெண்ணுக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு. ஜேர்மன் பெண் ஒருத்தி புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்த சந்தோஷத்தில் வந்திருந்தாள். யோர்க்‌ஷயர்க்காரர் என் தோளைத் தட்டி, "இந்தப் படகில் ஒரு குறையும் இல்லாத ஆள் நீர் ஒருவர்தான் போலிருக்கிறது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். பிறகு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். என்னால் உங்கள் பொழுது கெட்டுவிட்டது, பெட்டியை மறந்துவிட்டு வந்தது என் பிழை என்றாள். யோர்க்‌ஷயர் அம்மா அழுதுகொண்டே அவளிடம் மன்னிப்புக் கேட்டார். கிளாஸைப் பறித்தேனே, பறித்தேனே என்றார். ஒரு பிழையும் செய்யாத இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார்கள். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

கரையில் ஒரு வைத்தியர் வந்து பார்த்து, பயமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஹோட்டல் அறைக்கு வந்ததும், அவள் அலுமாரியைத் திறக்குமுன் நானே சொல்லிவிட்டேன். பெட்டியை எடுத்ததையும் ஏன் எடுத்தேன் என்பதையும் கப்பலில் நான் கண்டதையும் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து கேட்டாள். கோபப்படுவாள், அழுவாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"பெட்டியை எடுத்தது கிடக்கட்டும்" என்றாள். "உங்களுக்கு வெக்கம். அது எனக்குப் புதிசில்லை. படகு ஆட்டம் எண்டு சொன்னியள் பாருங்கோ, அது எனக்கு நல்லாக் கேட்டது. எல்லாம் கேட்டது. வாய்தான் வரேல்லை."

அவள் விளக்கை அணைக்கச் சொன்னாள், அணைத்தேன்.

லண்டன் வந்த பிறகு, அந்த வாரமே உறவினர் வீட்டுப் பிறந்தநாள் ஒன்றுக்குப் போனோம். "இவவுக்குச் சீனி வருத்தம், ஊசி போட்டிட்டா, முதல் சாப்பாடு இவவுக்குக் குடுங்கோ" என்று அறையில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவரும் அதிசயப்படவில்லை. வீட்டுக்காரப் பெண், "ஐயோ, எனக்கும்தான் அன்ரி, வாங்கோ ரெண்டு பேரும் இருந்து சாப்பிடுவம்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இத்தனை வருடமும் எதற்குப் பயந்தேன் என்று தெரியாமல் நான் மண்டபம்போல் இருந்த அந்த வரவேற்பறையின் நடுவில் நின்றேன்.

மனைவி பழையபடிதான் இருக்கிறாள். சிரிக்கிறாள், ஏசுகிறாள், தேநீர் தருகிறாள். அந்தப் பயணத்தைப் பற்றி யாரும் கேட்டால், கடல் நல்ல வடிவு என்கிறாள். மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று நான் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களில், எல்லாம் கேட்டுக்கொண்டு வாய் வராமல் கிடந்த அவள் என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று கேட்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.