சுவரில் ஏறிய பி.ஏ.

என் வீட்டுக்காரர் சட்டமன்றத்துக்குப் போனவர். என்ன படித்தார் என்று கேட்பவர்களிடம் நான் மென்று முழுங்குவதில்லை. மதுரையில் பி.ஏ. சேர்ந்தார், முடிக்கவில்லை. என் மாமனார் படுக்கையில் விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டுத் திண்டுக்கல்லுக்கு வந்து தோல் மண்டியைக் கவனித்தார். ஆட்டுத் தோலுக்கு உப்புப் போட்டு அடுக்குகிற வேலையை ஆட்களோடு சேர்ந்து அவரும் செய்வார். எங்கள் வார்டுக்குக் குடிதண்ணீர்க் குழாய் கேட்டு நகராட்சியோடு மல்லுக்கு நின்றார். சனங்கள் அவரையே கவுன்சிலராக்கிவிட்டார்கள்.

அறுபதுகளில் கட்சி அவரைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்தியது. எதிரே நின்றவர் பெரிய வக்கீல். அவர் பெயருக்குப் பின்னால் பட்டங்கள் வால் மாதிரி நீளும். நம் ஆளுக்கு ஒன்றுகூட இல்லையே என்று எங்கள் கட்சி இளவட்டங்களுக்கு மனசு ஆறவில்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் ஊர்ச் சுவரெல்லாம் நீல எழுத்தில் இவர் பெயர், கூடவே பி.ஏ. கல்லூரிக்கே தெரியாமல் பட்டம் வாங்கியவர் என் வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

அவர் முகம் கறுத்துவிட்டது. எழுதியவர்களைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார்.

"எவன் வந்து கேக்கப் போறான்ணே? இப்ப அழிச்சா நமக்குத்தான் அசிங்கம். அம்புட்டு ஓட்டும் வக்கீலுக்குப் போயிரும்" என்றான் ஒருவன்.

அவரே சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். வேட்பாளரே தெருத்தெருவாகப் போய்த் தன் பட்டத்தை அழித்ததை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

எதிர்க்கட்சிக்காரர்கள் சும்மா விடுவார்களா? கடைசிப் பொதுக்கூட்டத்தில் அவர் பேச எழுந்ததும் கூட்டத்திலிருந்து ஒருத்தன் கேட்டான்: "ஏம்ப்பா, செவுத்துல இருந்த பி.ஏ. எங்க போச்சு?" ஒரே சிரிப்பு. பெண்கள் பக்கம் முக்காட்டோடு உட்கார்ந்திருந்த எனக்கு, எழுந்து போய் அவனை நாலு கேள்வி கேட்கலாம் போல ஆத்திரம் வந்தது.

அவர் நிதானமாகச் சொன்னார்: "எங்க ஆளுக செஞ்ச தப்பு, அழிச்சிட்டேன். எழுதாத பரீச்சைக்கு இன்னைக்குப் பட்டம் போட்டுக்கிட்டா, நாளைக்குப் போடாத ரோட்டுக்குக் கணக்கு எழுதுவேன். அப்ப என்னைய என்ன செய்வீங்க?"

கேள்வி கேட்டவன் உட்கார்ந்துவிட்டான். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் இருந்தவளிடம் "எங்க வீட்டுக்காரரு" என்று தேவையில்லாமல் சொன்னேன்.

ஆனாலும் தோற்றார். சுண்ணாம்பு வாளிதான் தோற்கடித்தது என்று கட்சிக்காரர்கள் முறைத்தார்கள். "வருத்தமா மச்சான்?" என்று கேட்டேன். "தோத்தா வருத்தம் இருக்காதா? அதுக்காக, செஞ்சது தப்புன்னு சொல்லமாட்டேன்" என்றவர் சாவியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார்.

அடுத்த தேர்தலுக்கும் கட்சி அவரையே நிறுத்தியது. எங்கள் வீட்டுச் சுவரில் பெயர் எழுத வந்தவன், "மதினி, அண்ணன் பேருக்குப் பின்னாடி என்ன போட?" என்று பயந்துகொண்டே என்னிடம் கேட்டான்.

நான் வாயைத் திறக்குமுன், கூடையோடு வாசலில் நின்ற பூக்காரம்மா சொன்னாள்: "போன தடவை வக்கீலுக்கு ஓட்டுப் போட்டவ நானு. பேரை மட்டும் எழுதுப்பா, போதும்."